பதினொரு மீட்டர்

இடது ஜெனரேட்டர் போனபோது இரவு பதினொன்று இருபது.
வலது, இரண்டு பக்கச் சுமையையும் தூக்கிக்கொண்டது
நான்கு நிமிடம்.
பிறகு அதுவும்.

இருட்டைவிட முதலில் உறைத்தது அமைதி.
திரைகளுக்குப் பின்னே ஓடும் சின்ன விசிறிகளை
இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்,
அவை நின்றபோதுதான் தெரிந்தது.

என் பக்கம் முழுக்கக் கறுப்பு.
கேப்டன் தரகன் பக்கம் பாட்டரி தயவில் ஒன்றிரண்டு கண்கள்.
"ஓட்டுவது நான். நீ படி, உண்ணாமலை."

டார்ச்சைப் பல்லில் கடித்தால்
வாய்விட்டுப் படிக்க முடியாது என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.
தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன்.
சுவிட்சை ஒருதரம் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.
போட்டேன்.
இரண்டாம் தரத்துக்குத் துடித்த கையை
மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

எரிபொருள் பம்புகள் நின்றுவிட்டன;
ஊட்ட ஆளில்லாத கன்றுபோல்
என்ஜின்கள் தாமே முட்டிக் குடித்தன.
மின்சாரம் கேட்காத பழைய திசைகாட்டி
திரவத்தில் ஆடி ஆடி
வடக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

திருச்சிக்கு நேராய் இறங்க முடியாத உயரம்.
ஒரு வட்டம் போட்டோம்.
சாய்ந்த ஜன்னலில் செட்டிநாடு சுழன்றது:
பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான்,
கண்மாய்களின் கறுப்பு, நடுநடுவே பொட்டு வெளிச்சம்.
அதில் எதுவோ எங்கள் பங்கு வீடு.
பதினொரு புள்ளி, பதினொரு மீட்டர்.
முகப்பு விளக்குக்கு யார் கட்டுவது என்று
தேவகோட்டைக் கோர்ட்டில் ஏழு வருடமாய் வழக்கு.
ஒருவர் ஒயர் இன்னொருவர் வளவுக்குள் நுழையாது.

இந்த விமானத்தையும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.
ஒருவன் எரிந்தால் மற்றவன் தப்பவேண்டும் என்று
இடத்துக்குத் தனி, வலத்துக்குத் தனி.
பகை என்று நான் நினைத்ததற்கு
இங்கே பாதுகாப்பு என்று பெயர்.
ஆனாலும் இன்றைக்கு
இரண்டு பங்காளியும் சேர்ந்தே போயிருக்கிறார்கள்.

மெர்லின் இன்டர்காமில்:
"பதினாலாம் வரிசைக் குழந்தைக்கு வெந்நீர் வேணுமாம்.
எப்போ கரண்ட் வரும்?"
இ.பி. ஆபீசுக்குப் போன் போடும் அதே குரல்.
"தெரியாது. திருச்சியில இறங்குறோம். இருபது நிமிஷம்."

பாட்டரி முப்பது நிமிடம் தாங்கும் என்கிறது புத்தகம்.
புது பாட்டரியைச் சொல்கிறதோ என்னவோ.
வாலில் ஒரு குட்டி என்ஜின் உண்டு.
அதை எழுப்ப, பாட்டரியிடமே கடன் வாங்கவேண்டும்.
எழுந்தால் வட்டியோடு திருப்பித் தரும்.
எழாவிட்டால் முதலும் போச்சு.

தரகன் என்னைப் பார்த்தார்.
"கொடுக்கல் வாங்கல் ஊர்க்காரி நீ. கொடுக்கலாமா?"
"இன்னும் கீழே போகட்டும் சார். ஒரே ஒருதரம்."

பத்தொன்பதாயிரம் அடி.
திருகினேன்.
இருபத்துநாலு வோல்ட். இருபத்திரண்டு.
இருபத்தொன்றைத் தொட்டபோது
கேப்டனின் திரை மங்கியது,
அவர் முகமும் அதோடு மங்கியது.
நான் வேண்டிக்கொள்ளவில்லை.
வோல்ட்டைத்தான் படித்தேன், சத்தமாக,
கடன் பத்திரம் வாசிப்பதுபோல.

நாற்பதாவது நொடியிலோ என்னவோ
முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்தில்
ஏதோ இருமியது.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.
மணிகள், சிவப்புகள், மஞ்சள்கள்,
தாம் இல்லாதபோது நடந்ததையெல்லாம்
ஒரே மூச்சில் புகார் சொல்லின.

தரையில், மெர்லின் பால்புட்டியைக் காட்டினாள்.
அக்குளில் இடுக்கிச் சூடாக்கியதாம்,
யூனிஃபார்ம் கோட்டுக்குள்.
குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியிருந்தது.

மறுநாள் அண்ணனிடம் போனில் சொன்னேன்:
"முகப்பு விளக்கை நம்ம மீட்டரில் போடுங்க.
பணம் நான் தாரேன்."
"முடியாது," என்றான்.
"எட்டாம் புள்ளி ஸ்டே வாங்கியிருக்காக."